இடப்பக்கம் மூன்றாவது பலகை

கோர்னா லூகா,
22 மார்ச் 1970

லோவ்ரே,

நவம்பரில் காலைக் கப்பலில் ஏறிப் போனவன், திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. கையில் அத்திப்பழப் பொட்டலத்தோடு நான் துறையில் நின்றதைப் பார்த்தாயா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. கிறிஸ்துமஸுக்கு ஒரு வாழ்த்து அட்டை வந்தது. அதிலும் என் பிள்ளை பெரினாவுக்கு மட்டும் இரண்டு வரி. நான் உனக்கு என்ன செய்தேன்? உன் அத்தான் சீண்டினார் என்றால் அவரோடு முறைத்துக்கொள். கூடப்பிறந்தவளை ஏன் தண்டிக்கிறாய்?

சரி, சண்டை போட எழுதவில்லை. காரியம் இருக்கிறது. படகு நீ கரையேற்றிவிட்டுப் போன இடத்திலேயே முட்டுக்கட்டைமேல் நிற்கிறது. வருஷா வருஷம் அதைச் சுரண்டிப் பூசியது நீ. இந்த வருஷம் யார்? உன் அத்தான் நேற்று கையைக் கட்டிக்கொண்டு அதைச் சுற்றி வந்தார். "இதுல என்ன வித்தை இருக்கு? சுவத்துக்கு வெள்ளையடிக்கிற மாதிரிதானே?" என்றார். மலைநாட்டிலிருந்து வந்த பள்ளிக்கூட வாத்தியாருக்குப் படகும் சுவரும் ஒன்றுதான். அவர் கையில் பிரஷ்ஷைக் கொடுப்பதைவிட நானே செய்கிறேன் என்று முடிவு செய்துவிட்டேன்.

மே மாதத்தில் ஆடுகளை வெளித்தீவுக்குக் கொண்டுபோயே ஆக வேண்டும். இங்கே புல் தீர்ந்துவிட்டது. பதினோரு ஆடு, பெரினா, நாங்கள் இரண்டு பேர். அவருக்கும் நீச்சல் தெரியாது, எனக்கும் தெரியாது. இத்தனை வருஷம் நீ பூசிய படகில் ஏறி உட்கார்ந்து, பயமில்லாமல் காலுறை பின்னிக்கொண்டு போனேன். இந்த முறை என் கையால் பூசியதில் போக வேண்டும். ஒன்றும் தெரியாத முட்டாளுக்குச் சொல்வதுபோல முதலிலிருந்து எழுது.

வின்கா


மன்ஹைம்,
30 மார்ச் 1970

அன்புள்ள அக்காவுக்கு,

பொட்டலத்தைப் பார்த்தேன். பார்த்ததனால்தான் திரும்பவில்லை. அதைப் பற்றி இப்போது கேட்காதே.

உன் கடிதத்தை அறையில் உரக்கப் படித்தேன். கூடத் தங்கியிருக்கும் ரசீம் போஸ்னியாக்காரன், கடலையே ஜெர்மனிக்கு வரும் வழியில்தான் பார்த்தானாம். "கடுதாசியிலேயே படகுக்கு வர்ணம் அடிக்கிற ஆளை இப்பத்தான்டா பார்க்கிறேன்" என்று கட்டிலில் புரண்டு சிரித்தான். சிரிக்கட்டும். நீ கவனமாகக் கேள்.

பூசுவது கடைசி வேலை. அதற்குமுன் செய்வதுதான் வேலை. பழைய பூச்சு எங்கே உப்பியிருக்கிறதோ, எங்கே கத்திமுனை உள்ளே போகிறதோ, அங்கெல்லாம் மரம் தெரியும்வரை சுரண்டு. பிறகு முரட்டு உப்புத்தாள், அதன்பின் நைஸ் உப்புத்தாள், மரத்தின் ரேகை ஓடும் பக்கமாகவே தேய்க்க வேண்டும். தேய்த்த தூசியைத் துடைத்துவிட்டு நல்ல தண்ணீரால் கழுவு. தொட்டித் தண்ணீர் போகிறதே என்று அத்தான் கத்துவார். கத்தட்டும். உப்பின்மேல் பூசினால் எந்தப் பூச்சும் நிற்காது. கழுவிக் காய்ந்தபின் பலகையை நாக்கால் தொட்டுப் பார். உப்புக் கரித்தால் மறுபடி கழுவு. அப்பா அப்படித்தான் செய்வார், ஊர் சிரித்தாலும்.

அடுத்தது நாள் பார்ப்பது. யூகோ வீசும் நாளில் டப்பாவைத் திறக்கவே திறக்காதே. அந்தத் தெற்குக் காற்றில் அடுப்படி ஜாடியில் உப்பு கசியும். உப்பு கசிந்தால் மரமும் வியர்க்கிறது என்று அர்த்தம். வாடை அடிக்கும்போதும் வேண்டாம், அது கடல்துளியை வாரிக்கொண்டு வந்து தெளிக்கும். வாடை ஓய்ந்த இரண்டாம் நாள்தான் நாள். பனி காய்ந்து பத்து மணிக்குத் தொடங்கு. உச்சி வெயிலில் நேராகக் காய்கிற பக்கத்தில் பூசாதே, கொப்புளம் வரும். மூன்று மணிக்கு நிறுத்திவிடு. ஈரம் இறங்குவதற்குள் பூச்சு தோல் கட்டிவிட வேண்டும்.

முதலில் ஆளிவிதை எண்ணெய், சூடு காட்டியது. அது ஊறியபின் ஈயச் செந்தூரம் கலந்த சிவப்புப் பூச்சு. அதன்மேல் மக்கு வைத்துப் பள்ளம் மேடு சரிசெய்து, கடைசியில் நீலம், இரண்டு கை, அதாவது இரண்டு தடவை. ஒரு கைக்கும் அடுத்த கைக்கும் நடுவில் உப்புத்தாளால் லேசாக மங்கவை. வழவழப்பின்மேல் எதுவும் பிடிக்காது.

பயப்படாதே. உன் கை பொறுமையான கை.

லோவ்ரே


கோர்னா லூகா,
8 ஏப்ரல் 1970

லோவ்ரே,

வலப்பக்கம் முழுக்க மரம் தெரிகிறது. உன் நீலத்துக்கு அடியில் இன்னொரு நீலம், அதற்கு அடியில் அப்பா பூசிய பச்சை. அந்தப் பச்சையைச் சுரண்டும்போது அழுதேன், சொல்வதில் வெட்கமில்லை. விரல்நுனிகளில் தோலே இல்லை. ரொட்டிக்கு மாவு பிசையும்போது எரிகிறது.

தண்ணீருக்கு நீ சொன்ன சண்டை நடந்தது. "ஜூலையில குடிக்கத் தண்ணி இல்லேன்னா படகை நக்கிக்கிட்டு இரு" என்றார் உன் அத்தான். அரை மணி கழித்து நான் நிஜமாகவே பலகையை நக்கிப் பார்ப்பதைக் கண்டார். தொப்பியை எடுத்துக்கொண்டு பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார். பெரினாவுக்கு நான்கு நாளாக இதே விளையாட்டு. கதவு, நாற்காலி எல்லாவற்றையும் நக்கிப் பார்த்து "இது கரிக்குதும்மா, இதுக்குப் பூசக் கூடாது" என்கிறாள்.

இடப்பக்கத்தை இன்னும் தொடவில்லை. தொடுமுன் உன்னை ஒரு வார்த்தை கேட்க வேண்டும்போல் இருக்கிறது. ஏனென்று கேட்டால் எனக்கே சொல்லத் தெரியவில்லை. கடைசியாக அந்தப் பக்கத்தில் வேலை செய்தவன் நீ. எனக்குத் தெரிய வேண்டியது ஏதாவது இருக்கிறதா? என் பிள்ளையை உட்காரவைத்துக் கொண்டுபோகப் போகிறேன், அதனால் கேட்கிறேன். எதுவாக இருந்தாலும் எழுது, நான் கோபப்பட மாட்டேன். உன் பதில் வரும்வரை வலப்பக்கத்துக்கு எண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருக்கிறேன்.

வின்கா


மன்ஹைம்,
15 ஏப்ரல் 1970

அன்புள்ள அக்காவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன், ஷிஃப்டுக்கு நேரமாகிவிட்டது. இடப்பக்கத்தைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. அக்டோபரில் படகைக் கரையேற்றியதும் அந்தப் பக்கத்தில் நானே புதிதாகப் பூசிவிட்டேன். நல்ல பூச்சு. அதைச் சுரண்டி வீணாக்காதே. நைஸ் உப்புத்தாளால் மேலாகத் தேய்த்துவிட்டு நேராக நீலத்தைப் பூசு, போதும். உன் விரலுக்கும் ஓய்வு கிடைக்கும்.

இங்கே இன்னும் குளிர். ரசீம் பல் பிடுங்கிக்கொண்டு முகம் வீங்கிக் கிடக்கிறான். பெரினாவுக்கு ஒரு ஜோடி காலணி வாங்கிவைத்திருக்கிறேன், பாதத்தின் அளவு எழுது.

லோவ்ரே


கோர்னா லூகா,
23 ஏப்ரல் 1970

லோவ்ரே,

நீ சொன்னபடியே செய்துவிட்டேன். இடப்பக்கத்தைச் சுரண்டவில்லை. மேலாகத் தேய்த்து, வாடை ஓய்ந்த இரண்டாம் நாள் பார்த்து, பத்து மணிக்குத் தொடங்கி மூன்றுக்கு முடித்தேன். இரண்டு கை நீலம். பார்க்க அழகாகத்தான் இருக்கிறது. எங்கே பழையது, எங்கே புதியது என்று சொல்லவே முடியாது.

மே மூன்றாம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பூசை முடிந்ததும் தண்ணீரில் இறக்குகிறோம். பிறகு நல்ல காற்று வந்ததும் ஆடுகளை ஏற்ற வேண்டியதுதான். பெரினா முன்னால் உட்காருவாளாம், எனக்கு ஒரே பெண், மறுக்க முடியவில்லை. நாங்கள் கடக்க வேண்டிய கடற்கால்வாயின் நடுவில் எவ்வளவு ஆழம் என்று உன் அத்தான் பள்ளிக்கூட வரைபடத்தில் பார்த்து வந்தார். "எழுபது மீட்டர்" என்றார். இதை எதற்கு என்னிடம் சொல்கிறார்? அன்றிலிருந்து சோறு இறங்கவில்லை. படகு நன்றாக இருக்கிறது என்று நீ ஒரு முறை சொன்னால் எனக்குப் போதும். நீ சொன்னால் ஏறிவிடுவேன்.

பெரினாவின் பாத அளவை நூலில் எடுத்து இத்துடன் வைத்திருக்கிறேன்.

வின்கா


மன்ஹைம்,
30 ஏப்ரல் 1970

அக்கா,

இந்தக் கடிதம் வருவதற்குள் நீங்கள் இறக்கியிருப்பீர்கள். அவசரப்படாதே. இறக்கியபின் ஒரு வாரமாவது துறையில் கட்டியே வை. பாரம் ஏற்ற வேண்டாம். ஆடுகளை வேறு யாருடைய படகிலாவது அனுப்ப முடியுமா பார். கட்டணம் நான் அனுப்புகிறேன்.

இன்னொன்று. தச்சர் பேப்போவைக் கூப்பிட்டு ஒரு முறை தட்டிப் பார்க்கச் சொல். இரண்டு பக்கமும். இடப்பக்கமும். பயப்பட ஒன்றுமில்லை, ஒரு வழக்கத்துக்காகத்தான். குளிர்காலம் முழுக்க வெயிலிலும் காற்றிலும் நின்ற மரம், யாராவது ஒரு முறை பார்ப்பது நல்லது, அவ்வளவுதான்.

இங்கே எனக்குச் சரியாகத் தூக்கமில்லை. இயந்திரத்தில் கையை விடப் பார்த்தேன் என்று ஃபோர்மேன் திட்டினான். நூலை மேஜைமேல் வைத்திருக்கிறேன். அவள் பாதம் இவ்வளவு சின்னதா?

பேப்போவைக் கூப்பிட மறக்காதே.

லோவ்ரே


கோர்னா லூகா,
7 மே 1970

லோவ்ரே,

உன் கடிதம் நேற்று வந்தது. பேப்போ கண் ஆபரேஷனுக்காகப் பெருநிலத்துக்குப் போயிருக்கிறார், மாதக் கடைசியில்தான் வருவார்.

ஞாயிறன்று இறக்கினோம். படகு குடிக்கிறது. அது ஒன்றும் புதிதில்லையே, குளிர்காலம் முழுக்கக் காய்ந்த மரம் தண்ணீரைக் கண்டதும் இரண்டு நாள் குடித்து, ஊதி, இடுக்கெல்லாம் தானே மூடிக்கொள்ளும் என்று நம் ஊரில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். முதல்நாள் ஒரு வாளி வாரினேன். இரண்டாம் நாள் மூன்று. இன்று காலை ஏழு. துறையில் நிற்கிற எல்லோரும் சிரிக்கிறார்கள். "தாகம் வின்கா, தாகம். விடு, குடிக்கட்டும்" என்கிறார்கள். உன் அத்தானும் இப்போது தீவுக்காரர் மாதிரிப் பேசுகிறார்: "எல்லாப் படகும் குடிக்கும். நீ வேற ஏன் பயந்து சாகிற?"

ஆனால் நாள் போகப்போகக் குறைய வேண்டாமா? அப்பா காலத்தில் எத்தனை நாள் குடிக்கும்? எனக்கு ஞாபகம் இல்லை. தரைப்பலகைக்கு அடியில் இடப்பக்கமாகத்தான் தண்ணீர் அதிகம் நிற்பதுபோல் தெரிகிறது. படகு அந்தப் பக்கம் சற்றுச் சாய்ந்து நிற்பதனால் இருக்கும்.

பதினாறாம் தேதி சனிக்கிழமை ஆடுகளோடு கிளம்புகிறோம். அதற்குமேல் காத்திருந்தால் ஆடுகள் செத்துவிடும். உன் அத்தான் துடுப்பு போடுவார், நான் வாளியோடு இருப்பேன், பெரினா முன்னால்.

வின்கா


தந்தி
மன்ஹைம், 13 மே 1970, காலை 7.40

படகில் ஏறாதே. அது குடிக்கவில்லை. இடப்பக்கம் மூன்றாவது பலகை உடைந்தது. உடைத்தது நான். மறைத்துப் பூசியது நான். பெரினாவை ஏற்றாதே. லோவ்ரே.


மன்ஹைம்,
13 மே 1970

அக்கா,

தபால் நிலையம் திறக்கும்வரை வாசலில் நின்றிருந்தேன். ரசீமும் கூட நின்றான். தந்தி உன் கைக்கு வந்ததா என்று தெரியாமல் இதை எழுதுகிறேன். தபால்காரி ஓர்ஷுலா தபாலைக் கையில் வாங்கினால் ரொட்டிக்கடை வரிசையில் படித்துக் காட்டிவிட்டுத்தான் கொண்டுவருவாள் என்று எனக்குத் தெரியும். இந்த முறை அப்படியே செய்யட்டும் என்று வேண்டிக்கொண்டேன். ஊரே கேட்டால் யாராவது ஓடிவந்து உன்னை நிறுத்துவார்கள்.

அக்டோபரில் கால்பந்துப் போட்டி பார்க்க நாங்கள் ஐந்து பேர் அடுத்த தீவுக்குப் போனோமே, நினைவிருக்கிறதா? உன்னிடம் கேட்காமல்தான் படகை எடுத்தேன். திரும்பி வரும்போது முனையருகே பாறையில் இடித்தது. படகின் அடித்தண்டான ஏரா மரத்திலிருந்து மூன்றாவது பலகை, என் முழங்கை நீளத்துக்குப் பிளந்துவிட்டது. சட்டையைக் கழற்றி அடைத்துக்கொண்டு கரை சேர்ந்தோம். யாரிடமும் சொல்லக் கூடாது என்று மற்ற நான்கு பேரிடமும் சத்தியம் வாங்கினேன். அதற்கு முந்தைய வாரம்தான் அத்தான் சாப்பாட்டு மேஜையில் எல்லோர் முன்னாலும் "இவன் கையில படகைக் கொடுத்தா ஒருநாள் விறகாத்தான் திரும்பி வரும்" என்றார். அந்த வாய்க்கு இந்தப் பிளவைக் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. உள்ளே தகரத்தை வைத்து ஆணி அடித்தேன், தரைப்பலகையால் மூடினேன். வெளியே மக்கை அப்பினேன். யூகோ வீசிய நாள். மழைச்சாரலில் யாரும் துறைப்பக்கம் வரமாட்டார்கள் என்றுதான் அந்த நாளைப் பார்த்தேன். கழுவவில்லை, காயவிடவில்லை. ஈர மரத்தில், உப்பின்மேல் பூசினேன். உனக்கு நான் என்னவெல்லாம் எழுதினேன் பார்!

வசந்தத்தில் யாராவது சுரண்டிக் கண்டுபிடிப்பார்கள், அப்போது நான் தூரத்தில் இருப்பேன் என்று எண்ணித்தான் ஓடிவந்தேன். நீ கேட்டாய். நேராகக் கேட்டாய். ஏப்ரல் பதினைந்தாம் தேதி "ஆமாம்" என்று ஒரு சொல் எழுதியிருக்கலாம். பேனா கையில் இருந்தது, சுரண்டாதே என்று எழுதினேன். ஏன் எழுதினேன்? அன்றிலிருந்து இதைத்தான் கேட்டுக்கொண்டிருக்கிறேன். உன்னைச் சாகடிக்க நினைக்கவில்லை அக்கா. அவமானம் இன்னும் கொஞ்ச நாள் தள்ளிப்போகட்டும் என்று நினைத்தேன், அதற்குமேல் நினைக்கப் பயந்தேன்.

ஏழு வாளி என்று படித்ததும் சாப்பாட்டுக் கூடத்தில் எழுந்து நின்றுவிட்டேன். கடவுளே, நீங்கள் சனிக்கிழமைக்கு முன்பே கிளம்பியிருந்தால் என்ன செய்வேன்? பதில் தந்தி கொடு. உயிரோடு இருக்கிறோம் என்று மட்டும்.

லோவ்ரே


கோர்னா லூகா,
21 மே 1970

லோவ்ரே,

"மூவரும் நலம்" என்று பதினாலாம் தேதி கொடுத்த தந்தி கிடைத்திருக்கும். உன் கடிதம் நேற்று வந்தது. இப்போது நான் சொல்வதை உட்கார்ந்து படி.

நீ நினைத்தபடியே ஓர்ஷுலா தந்தியை ரொட்டிக்கடையில் படித்தாள். பத்துப் பன்னிரண்டு பேர் கையில் ரொட்டியோடு துறைக்கு ஓடினார்கள். ஓடிப் போய்ப் படகின் முன்னால் வாய்பிளந்து நின்றார்கள். உன் அத்தான் பள்ளிக்கூடத்திலிருந்து மூச்சிரைக்க வந்தார். தந்தியை வாங்கிப் படித்துவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னும் கட்டைமேல நிக்கிற படகுல எப்படி ஏறுறது? உன் தம்பிக்கு என்ன எழுதித் தொலைச்சே?" என்றார்.

ஆமாம் லோவ்ரே. மே மூன்றில் நாங்கள் படகை இறக்கவில்லை. அது தண்ணீரைத் தொடவே இல்லை. ஏழு வாளியும் பொய். பேப்போவின் கண்ணுக்கு ஒன்றுமில்லை, அவர் இங்கேயேதான் இருந்தார்.

ஏப்ரல் ஏழாம் தேதி இடப்பக்கத்தைத் தொடங்கினேன். மற்ற இடத்தில் விரல் நோகச் சுரண்டியவளுக்கு அங்கே கத்தியே வேண்டியிருக்கவில்லை. பூச்சு ஒரு முழத்துக்குத் தோல்போல உரிந்து கையோடு வந்தது. அதன் அடியில் நாக்கை வைத்தேன். உப்பு. என் தம்பி உப்பின்மேல் பூச மாட்டான், பூசினான் என்றால் அவனுக்கு ஏதோ அவசரம் இருந்திருக்கிறது என்று அப்போதே தோன்றியது. மக்கைக் குத்தினேன், விரல் உள்ளே போய்விட்டது. பேப்போவை மட்டும் கூட்டிவந்து காட்டினேன். "இதோட கால்வாயில இறங்கியிருந்தா பாதி தூரம்தான் தாயி" என்றார். அவர் பழைய பலகையைப் பிடுங்கிப் புதியது வைத்தார், யாரிடமும் சொல்லாமல். உன் அத்தான் பலகை மாற்றுவது வருஷாவருஷ வேலை என்று நினைத்துக்கொண்டார்.

ஆபத்து அன்றே தீர்ந்துவிட்டது. மறுநாள் உனக்குக் கேட்டு எழுதினேன். நீயே சொல்லிவிட வேண்டும், சொன்னால் சிரித்து மறந்துவிடலாம் என்றுதான். "சுரண்டாதே, நேராகப் பூசு" என்று பதில் வந்தது. அடுப்படியில் நின்று படித்தேன். அப்படியே விறகுமேல் உட்கார்ந்துவிட்டேன். கடலுக்குப் பயந்ததெல்லாம் பயமே இல்லை. என் கூடப்பிறந்தவன், நான் தூக்கி வளர்த்தவன், என் பிள்ளை அந்தப் பலகைமேல் உட்காரப் போகிறாள் என்று தெரிந்தே எழுதியிருக்கிறான்.

அதற்குப் பிறகு நான் எழுதியதெல்லாம் உனக்குத் தெரியும். ஒவ்வொரு கடிதத்திலும் பெரினாவை வைத்து எழுதினேன். எழுதும்போதெல்லாம் சிலுவை போட்டுக்கொண்டேன், பிள்ளையை இப்படிப் பொய்க்கு இழுக்கிறேனே என்று. எத்தனை கடிதத்துக்கு நீ தாங்குவாய் என்று பார்த்தேன். அது நல்ல காரியமில்லை. உன் அத்தானுக்கே என்மேல் கோபம், "அவன் அங்க செத்துப் பொழைச்சிருக்கான், வின்கா" என்றார். உன்னை அவ்வளவு சீண்டிய மனிதர்! விறகு என்று சொன்னது தன் தப்புதான் என்று உனக்கு எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன்.

பதினாறாம் தேதி என்று எழுதினேன் அல்லவா? அந்த நாள் பதில் வராமல் கடந்துவிட்டால் என்ன செய்வது என்றும் முடிவு செய்து வைத்திருந்தேன். நல்லபடியாகப் போய்ச் சேர்ந்தோம் என்று எழுதியிருப்பேன். உன்னிடம் எதையும் கேட்டிருக்க மாட்டேன். வருஷாவருஷம் ஆகஸ்டில் நீ வருவாய், உனக்குப் பிடித்த மீனைச் சுட்டுத் தட்டில் வைப்பேன், நீ சாப்பிடுவதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன், சாகும்வரை. கப்பல் வரும் ஒவ்வொரு நாளும் ஓர்ஷுலாவின் ஜன்னலருகே நின்றேன், அப்படி ஒரு வாழ்க்கை வந்துவிடுமோ என்று.

பதினாலாம் தேதி உன் தந்தி வந்துவிட்டது. "படகில் ஏறாதே" என்று மட்டும் அனுப்பியிருந்தாலே நாங்கள் பிழைத்திருப்போம். ஊர் முழுக்கக் கேட்கும் என்று தெரிந்தும் "மறைத்துப் பூசியது நான்" என்று காசு கொடுத்துச் சேர்த்திருக்கிறாய். அந்த வரியைப் பலமுறை படித்தேன். மன்னித்துவிட்டேன் என்று எழுத உட்கார்ந்தேன், கை ஓடவில்லை. இனி பொய் எழுத மாட்டேன், அதனால் அதை எழுதவில்லை.

நாளை விடிந்ததும் நிஜமாகவே கால்வாயைக் கடக்கிறோம், புதுப் பலகையோடு. பேப்போவும் கூட வருகிறார். ஆனாலும் பெரினாவை என் இடுப்போடு கயிற்றால் கட்டிக்கொள்ளப் போகிறேன். முன்பெல்லாம் காலுறை பின்னிக்கொண்டு போனவள் நான்.

ஆகஸ்டில் வா. காலணியைத் தபாலில் அனுப்பாதே, நீயே கொண்டுவந்து அவள் காலில் போடு.

வின்கா